தொக்கிதாவின் பாட்டில் ஓர் இடைவெளி

1971 அக்டோபர் 17. ஹமாசாக்கி பெலிகன்ஸ் பேஸ்பால் அணி கோப்பையை வென்ற கடைசி நாள் அது. மூன்று நாள் கழித்து கனேமிட்சு ஹிசாயோ பிறந்தார். அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது பெண் குழந்தை பிறந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. வெற்றி ஊர்வலத்தில் துறைமுகச் சாலை அடைத்துக்கொண்டதாம், பஸ் நகரவே இல்லையாம். தலைமுடி நிறைய வண்ணக் காகிதத் துணுக்குகளோடு வந்து நின்ற மனிதரைப் பார்த்து அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"மூணு நாள் முன்னாடி பொறந்திருக்கணும். லேட்டாப் பொறந்ததுக்குத்தான் இன்னிக்கு வரைக்கும் அனுபவிக்கிறேன்" என்பார் ஹிசாயோ. சொல்லும்போது சிரிக்க மாட்டார்.

அந்த மூன்று நாளுக்குப் பிறகு பெலிகன்ஸ் கோப்பையைத் தொடவில்லை. ஆறு அணிகள் உள்ள லீக்கில் ஆறாவது இடம் என்றால் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மீன் சந்தையில் ஐஸ் உடைக்கிறவர்கூட ஏலத்தில் கடைசியாக மிஞ்சும் பெட்டியை 'பெலிகன்ஸ் பெட்டி' என்றுதான் சொல்வார்.

ஹிசாயோவுக்கு வேலை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில். கற்றுக்கொள்கிறவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, காலடியில் தனக்கென்று இருக்கும் பிரேக்கின் மேல் பாதத்தை லேசாக வைத்துக்கொண்டு, நாள் முழுக்க நிதானமாகப் பேசுவார். வண்டி நடைபாதைமேல் ஏறினாலும் அவர் குரல் ஏறாது. "பரவாயில்லை. மூச்சு விடுங்க. இப்ப ரிவர்ஸ்" என்பார். அந்த டீச்சர்தான் மைதானத்தின் வலது கோடிப் பார்வையாளர் மேடையில் மஞ்சள் சட்டையும் டிரம்பெட்டுமாக நின்று, கழுத்து நரம்பு புடைக்க ஊதுகிறவர் என்று சொன்னால் மாணவர்கள் நம்புவதில்லை. மைதானத்தில் அவருக்கு பிரேக் கிடையாது. அணி பள்ளத்துக்குப் போனாலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வலது மேடை ரசிகர் மன்றத்தில் அவர்தான் முதல் டிரம்பெட். முப்பது வருடமாக. மன்றத்தின் முறை எளிது. நம் அணி பேட் செய்யும்போது நாம் வாசிக்க வேண்டும். எதிரணி பேட் செய்யும்போது வாத்தியத்தை மடியில் வைத்துவிட வேண்டும், அப்போது இடது மேடையில் அவர்களுடைய மன்றம் வாசிக்கும். இரண்டும் ஒருபோதும் மோதக் கூடாது. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு சொந்தப் பாட்டு உண்டு. அவர் பேட்டோடு வந்து நின்றால் அவர் அவுட் ஆகும் வரை, அல்லது ஓடித் தளம் சேரும் வரை, அந்தப் பாட்டு திரும்பத் திரும்ப ஒலிக்கும். பெலிகன்ஸ் பாட்டுகளில் பாதிக்கு மேல் ஹிசாயோ கட்டியவை.

அவற்றில் அவருக்கே பிடித்தது தொக்கிதாவின் பாட்டு. தொக்கிதா பத்தொன்பது வயதில் வடக்கே கிதாஹாமாவிலிருந்து வந்தவர். இப்போது முப்பத்தாறு. அந்த முதல் மாதம் பயிற்சி மைதானத்தின் கம்பி வலைக்கு வெளியே நின்று ஹிசாயோ அவரைக் கவனித்தார். பையன் பந்தை எதிர்கொள்ளும் முன் காலருகே பதித்திருக்கும் வெள்ளைத் தரைத் தட்டைப் பேட்டின் நுனியால் ஒரு முறை தட்டுவான். பிறகு ஒரு மூச்சு. பிறகுதான் பேட்டைத் தூக்குவான். அந்த மூச்சுக்காக ஹிசாயோ பாட்டின் நாலாவது அடியில் ஒரு துடிப்பு முழுவதையும் காலியாக விட்டார். டிரம்பெட் நிற்கும், முரசு நிற்கும், வாயும் நிற்கும். பிறகு எல்லாம் சேர்ந்து பாயும்.

மன்றத்தில் மற்றவர்களுக்கு அது ராகத்தின் அழகு. காரணத்தை ஹிசாயோ யாரிடமும் சொன்னதில்லை. தொக்கிதாவிடம் பேசியதே இல்லை. ஆனால் பதினேழு வருடமாக அவர் தட்டுவதும் மூச்சு விடுவதும் அந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது. முதலில் பாட்டு அவருக்காகக் காத்திருந்தது. எப்போதோ அவர் பாட்டுக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிட்டார்.

இந்த ஆண்டு ஆகஸ்டில் அணி தொடர்ந்து பன்னிரண்டு ஆட்டங்களில் தோற்றது. தோல்வி ஹிசாயோவுக்குப் பழகியதுதான். அவரைச் சுட்டது வேறு. நல்ல பந்து வீச்சாளர்கள் இருவரைக் கிளப் நிர்வாகம் கைவிட்டிருந்தது. அதைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகை கேட்டபோது கிளப் தலைவர் சொன்ன பதில், புகைப்படத்தோடு அச்சாகியிருந்தது: "வலது மேடையைப் பாருங்கள். தோற்கும்போதும் எவ்வளவு உற்சாகமாக வாசிக்கிறார்கள். ரசிகர்கள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள்."

மன்றக் கூட்டம் எப்போதும்போல, இரும்புக்கல்லில் முட்டைக்கோஸ் அடை வார்க்கும் கடையின் மாடியில் கூடியது. ஹிசாயோ பத்திரிகையைக் கல்லின் ஓரத்தில் விரித்தார்.

"பாத்தீங்களா தலைவரே? நாம ஊதுறதாலதான் அவரு நிம்மதியாத் தூங்குறாரு."

மன்றத் தலைவர் சகோகாவா சைக்கிள் கடைக்காரர், அறுபத்தாறு வயது, எதற்கும் அவசரப்படாதவர். அடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார்: "என்ன பண்ணலாம்ங்கிற? லெட்டர் போடலாமா?"

"போன வருஷம் போட்டோம். பதிலுக்குக் காலண்டர் அனுப்பினாங்க."

"நல்ல காலண்டர்தான்" என்றார் முரசு அடிக்கும் மினேகோ. கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர். "ஆனா டிசம்பர் மாசப் படத்துல இருந்த ஆளையும் வித்துட்டாங்க."

"ஒரு ஆட்டம் முழுக்க வாசிக்கக் கூடாது" என்றார் ஹிசாயோ. "முரசு கிடையாது, டிரம்பெட் கிடையாது, பாட்டு கிடையாது. சட்டையைப் போட்டுக்கிட்டு வருவோம், உக்காருவோம், ஒன்பது சுற்றும் பொம்மை மாதிரி இருப்போம். அப்பவாவது அவரு காதுல விழட்டும்."

 கல்லில் அடையின் ஓரம் கருக ஆரம்பித்தது.

"என்னால முடியுமான்னு தெரியலை" என்றார் மினேகோ. "யாராவது ஒருத்தன் நல்லா அடிச்சா என் கை தானா எழுந்துடும்க்கா."

"அதுக்குத்தான் சொல்றேன். அன்னிக்கு நம்ம மேடையில யார் சத்தம் போட்டாலும், அது யாரா இருந்தாலும் சரி, சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு மன்றத்தை விட்டுப் போயிடணும். அப்படி ஒரு பயம் இருந்தாத்தான் நிக்கும்."

"கொஞ்சம் கடுமையா இருக்கே" என்றார் சகோகாவா.

"பன்னெண்டு தோல்வி கடுமையா இல்லையா?"

கைகள் உயர்ந்தன. மினேகோவின் கை கடைசியாக. டிரம்பெட்காரர்களிடமிருந்து ஊதுவாய்களை மட்டும் கழற்றி வாங்கி, அரிசி பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு மூடினார் சகோகாவா. ஊதுவாய் இல்லாத டிரம்பெட் வெறும் பித்தளைக் குழாய். ஹிசாயோ தன்னுடையதை முதல் ஆளாகப் போட்டார்.

நாள் குறித்தது ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்கு. எதிரணி கிதாஹாமா ஃபால்கன்ஸ்.

ஆட்டத்துக்கு முன் இரு மன்றங்களும் இனிப்பு மாற்றிக்கொள்வது வழக்கம். ஃபால்கன்ஸ் மன்றத்தின் முதல் டிரம்பெட் ஒரிதா, பயறுப் பூரணம் வைத்த பன் பெட்டியோடு வலது மேடைக்கு வந்தார். கப்பல் பட்டறையில் பெயின்டர். இருபது வருடப் பழக்கம். ஹிசாயோ எலுமிச்சை கேக் பெட்டியை நீட்டினார்.

ஒரிதா சுற்றிலும் பார்த்தார். உறை போட்ட முரசுகள், மூடிய டிரம்பெட் பெட்டிகள். "என்னம்மா இது, துக்க வீடு மாதிரி இருக்கு?"

"இன்னிக்கு வாசிக்கலை."

"ஒரு பாட்டுகூடவா?"

"ஒரு பாட்டுகூட இல்லை."

"தொக்கிதா வந்தாலுமா? இந்த வருஷத்தோட ஆட்டத்தை விட்டுடப் போறாருன்னு எங்க ஊர்ல பேச்சு. எங்க பள்ளிக்கூடத்துப் பையன்மா அவன்."

"அவரை இறக்கவே மாட்டாங்க. மூணு வாரமா பெஞ்சுலதான் உக்காந்திருக்காரு" என்றார் ஹிசாயோ. அதைச் சொல்லும்போது தன் குரல் கொஞ்சம் வேகமாக வந்ததை அவரே கவனித்தார்.

ஆட்டம் தொடங்கியது. பெலிகன்ஸ் முதல் பேட்டர் வந்து நின்றார். வலது மேடையில் முந்நூறு மஞ்சள் சட்டைகள், கை முழங்காலில். பேட்டர் ஒரு கணம் மேடையைப் பார்த்தார். பந்து வந்தது. ஃபால்கன்ஸ் கேட்சரின் கையுறையில் அது போய் விழுந்த சத்தம், கதவில் அறைந்ததுபோல் மைதானம் முழுக்கக் கேட்டது.

ஹிசாயோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பது வருடமாக இந்த மைதானத்துக்கு வருகிறார். தன் அணி பேட் செய்யும்போது பந்தின் சத்தத்தைக் கேட்டதில்லை. அப்போதெல்லாம் டிரம்பெட் வாயில் இருந்தது. இப்போது பெஞ்சில் யாரோ இருமுவது கேட்டது. பீர் விற்கும் பெண் முதுகில் பீப்பாயோடு படியேறும் செருப்புச் சத்தம் கேட்டது. கூரைமேல் கடற்காகங்கள் சண்டை போட்டன.

பின்வரிசையில் மன்றத்தைச் சேராத ஒரு பெரியவர் சொன்னார்: "தினமும் இப்படியே இருங்கப்பா. ஒரு நாளாவது நல்லாத் தூங்கிட்டுப் போறேன்."

மூன்றாவது சுற்றில் நிர்வாகத்துக்குத் தாங்கவில்லை. ஒலிபெருக்கியில் பதிவு செய்த கைதட்டலை ஓடவிட்டார்கள். ஆட்டக்காரர் ஒருவர் அவுட் ஆகித் திரும்பும்போதும் அது நிற்காமல் தட்டிக்கொண்டே இருக்க, மைதானமே சிரித்தது. மினேகோ வாயைக் கையால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினார்.

"சிரிப்பு சத்தத்துல சேருமாக்கா?"

"சேரும். வாயை மூடு."

ஹிசாயோவுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது. கிளப் தலைவர் உட்காரும் கண்ணாடி அறையில் ஆட்கள் எழுவதும் உட்கார்வதும் தெரிந்தது. கேட்டுவிட்டது. இந்த ஒரு ஆட்டம் இப்படியே முடிந்தால் போதும்.

எட்டாவது சுற்று. நான்குக்கு ஒன்று என்று பெலிகன்ஸ் பின்தங்கியிருந்தது. இரண்டு பேர் அவுட், தளத்தில் ஒருவர். பயிற்சியாளர் கையைச் சுழற்றி ஆள் மாற்றம் என்று காட்டினார். பெஞ்சிலிருந்து தொக்கிதா எழுந்து வந்தார்.

மினேகோ ஹிசாயோவின் கையைப் பிடித்தார். ஹிசாயோ விடுவித்துக்கொண்டார்.

தொக்கிதா நடந்து வந்து பேட் செய்யும் கட்டத்தின் கோட்டுக்கு வெளியே நின்றார். வழக்கமாகப் பாட்டின் முதல் அடி கேட்ட பிறகுதான் உள்ளே காலெடுத்து வைப்பார். இன்று நின்றுகொண்டே இருந்தார். நடுவர் ஏதோ சொன்னார். அப்போதும் ஒரு கணம் தயங்கினார், வாசலில் அழைப்புமணி அடித்துவிட்டுக் காத்திருப்பவர்போல.

அப்போது எதிர்பாராத திசையிலிருந்து பாட்டு எழுந்தது.

இடது மேடை. ஃபால்கன்ஸ் மன்றம். எதிரணி பேட் செய்யும்போது வாசிப்பது முறையே இல்லை. யாரும் செய்ததும் இல்லை. ஆனால் ஒரிதா எழுந்து நின்று டிரம்பெட்டை உயர்த்தியிருந்தார், அவர் பின்னால் பத்துப் பேர். தொக்கிதாவின் பாட்டு. வலது மேடையில் எல்லோரும் அதிர்ந்து பார்த்தார்கள். சகோகாவா தொப்பியைக் கழற்றினார்.

"பாவம் பாத்து வாசிக்கிறாங்க" என்றார் மினேகோ. அவர் கண் கலங்கிவிட்டது.

ஹிசாயோவுக்குக் கண் கலங்கவில்லை. காது விறைத்தது. ஒரிதா நல்லெண்ணத்தோடுதான் வாசித்தார். ஆனால் காதில் கேட்டு வைத்திருந்ததை அவர்கள் தங்கள் வழக்கப்படி அணிவகுப்பு நடையில் வேகமாக வாசித்தார்கள். நாலாவது அடி வந்தது. இடைவெளி இல்லை. அவர்களுக்கு அது பாட்டில் ஏதோ ஓட்டை என்று தோன்றியிருக்க வேண்டும். ஒரு ஸ்வரத்தைப் போட்டு அடைத்திருந்தார்கள்.

தொக்கிதா உள்ளே வந்தார். பேட்டின் நுனியால் தட்டினார். மூச்சுக்காகக் காத்தார். பாட்டு அவரைத் தாண்டிப் போய்விட்டது. தலையை நிமிர்த்தினார், எங்கே நிற்கிறோம் என்று தெரியாதவர்போல. பந்து வந்தது. தாமதமாகச் சுழற்றினார். காற்று.

இரண்டாவது பந்து. தட்டினார், பாட்டு நிற்கவில்லை, சுழற்றினார். காற்று.

இன்னொன்று தவறினால் முடிந்தது.

ஹிசாயோவின் வலது பாதம் சிமென்ட் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பயிற்சி வண்டியில் யாராவது சிவப்பு விளக்கைத் தாண்டப் போகும்போது அழுத்துவதைப்போல. தரை எதையும் நிறுத்தவில்லை. ஊதுவாய் டப்பா சகோகாவாவின் மடியில் இருந்தது. ஹிசாயோ எழுந்து நின்றார்.

"அக்கா, வேணாம்" என்றார் மினேகோ.

டிரம்பெட்காரர்கள் பாடுவதில்லை, வாய் வேலையில் இருக்கும். ஹிசாயோ எழுதிய வரிகளை முந்நூறு பேர் பாடக் கேட்டிருக்கிறார். தானே பாடியது இதுதான் முதல் முறை. குரல் கரகரத்தது, சுருதி சேரவில்லை.

"கரை தாண்டிப் போகட்டும், தொக்கிதா,
காத்து உன் பக்கம், தொக்கிதா…"

இடது மேடை தடுமாறியது. ஒரிதா டிரம்பெட்டை இறக்கிவிட்டு, கையை விரித்துத் தன் ஆட்களை அடக்கினார். மைதானத்தில் ஒரே ஒரு குரல். நாலாவது அடி வந்தது. ஹிசாயோ வாயை மூடினார்.

அந்த அமைதியில், பேட்டின் நுனி தரைத் தட்டைத் தொட்ட சிறிய 'டொக்' சத்தம் வலது கோடி வரை வந்தது. ஒரு மூச்சு. பந்து. பேட்.

அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. அடித்த கணமே எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பந்து உயரமாக எழுந்து, நேராக வலது மேடையை நோக்கி வந்தது. மினேகோ கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கடற்காகங்கள் கலைந்தன. ஃபால்கன்ஸ் ஆட்டக்காரர் பின்னால் ஓடி, வேலியில் முதுகை முட்டி, தாவி, ஹிசாயோவின் காலடிக்கு நேர் கீழே பந்தைப் பிடித்தார்.

மூன்றாவது அவுட்.

தொக்கிதா முதல் தளத்தைத் தாண்டி ஓடியவர், வேகம் குறைத்துத் திரும்பி, தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு பெஞ்சுக்கு நடந்தார். வலது மேடையைப் பார்க்கவில்லை. ஆட்டத்தின் நடுவே மேடையைப் பார்த்துக் கையசைக்கிற வழக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது.

ஹிசாயோ உட்கார்ந்தார். ஒன்பதாவது சுற்று முடியும்வரை யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. நான்குக்கு ஒன்று. பதின்மூன்றாவது தோல்வி.

வெளியே, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் மன்றம் கூடியது. சகோகாவா டப்பாவைத் திறந்து ஊதுவாய்களை ஒவ்வொருவராகத் திருப்பிக் கொடுத்தார். ஹிசாயோ அதற்குள் மஞ்சள் சட்டையைக் கழற்றி, நான்காக மடித்து வைத்திருந்தார்.

"இரும்மா" என்றார் சகோகாவா. "பேசிக்கலாம்."

"பேச என்ன இருக்கு தலைவரே?"

மினேகோ முன்னால் வந்தார். "வாசிக்கக் கூடாதுன்னுதானே முடிவு? அக்கா வாசிக்கலையே. ஊதுவாய் உங்க மடியிலதான இருந்துச்சு, தலைவரே?"

"சத்தம்னு சொன்னேன்" என்றார் ஹிசாயோ. "பாட்டு கிடையாதுன்னும் சொன்னேன். யாரா இருந்தாலும்னும் நான்தான் சொன்னேன். கல்லுல அடை தீயுற அளவுக்குப் பேசினேன், ஞாபகம் இல்லையா?"

"இப்ப நீங்களே இல்லாம அந்தப் பாட்டை யாரு வாசிப்பாங்கக்கா?"

"இத்தனை பேர் இருக்கீங்க." ஹிசாயோ சட்டையை சகோகாவாவின் கையில் வைத்தார். "ஒண்ணு மட்டும். நாலாவது அடியில விடுற இடம் அழகுக்கு இல்லை. அவரு தட்டிட்டு மூச்சு விடுறதுக்கு. அவசரப்பட்டு உள்ளே நுழையாதீங்க."

சகோகாவா சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினேழு வருஷமா இதைச் சொல்லவே இல்லையே."

"கேக்கலையே."

ஒரிதா சாலையைக் கடந்து ஓடி வந்தார், கையில் இன்னும் எலுமிச்சை கேக் பெட்டி. மூச்சு வாங்கியது. "ஹிசாயோம்மா, நாங்க கெடுத்துட்டோமா?"

"வேகமா வாசிச்சீங்க. ரொம்ப வேகம். எங்கிட்ட வண்டி ஓட்டக் கத்துக்கிட்டிருந்தா உங்களை அப்பவே இறக்கி விட்டிருப்பேன்." பிறகு தலை குனிந்து வணங்கினார். "நன்றி. நீங்க வாசிக்கலேன்னா நான் உக்காந்தே இருந்திருப்பேன்."

கிளப் தலைவர் மறுநாள் பத்திரிகையில் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், மன்றப் பிரதிநிதிகளைச் சந்திக்கத் தயார் என்று ஒரு பத்தி வந்தது. சகோகாவா போவார். பயிற்சிப் பள்ளியில் ஒரு மாணவி, வண்டியை நிறுத்தக் கோட்டில் நிறுத்திவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "டீச்சர், ஊரெல்லாம் சுத்துற அந்த மைதான வீடியோல பாடுனது நீங்களா?"

"கண்ணாடியைப் பாருங்க" என்றார் ஹிசாயோ. "பின்னாடி லாரி வருது."

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பெலிகன்ஸ் மறுபடியும் சொந்த மைதானத்தில் ஆடுகிறது. தொக்கிதா அணியில் இருக்கிறார். வலது மேடை வாசிக்கும். ஹிசாயோ முதல் தளத்துப் பக்கம், வாத்தியங்களுக்கு அனுமதி இல்லாத பகுதியில், ஓர் இருக்கைக்குச் சீட்டு வாங்கியிருக்கிறார்.